தேடுவோர் சொல்லும் தேடப்படுவோர் சொல்லும்

ஒரு பொருளை நாடிச் செல்கின்றவன் ஒரு சொல்லைக் கொண்டே அதனைக் கேட்கின்றான். அப்பொருளை வைத்திருப்பவன் அதற்கு வேறொரு பெயரிட்டு வைத்திருந்தால், இருவரும் ஒரே தெருவில் நின்றாலும் கொடுக்கல் வாங்கல் நிகழாது. சந்தையில் இக்குறை பெரிதன்று. வாங்குவோன் பொருளைக் கண்ணாற் கண்டு, விரலாற் சுட்டிக் கேட்கலாம். இணையத்திலோ சுட்டுவதற்கு விரல் இல்லை. சொல் ஒன்றே உண்டு. கூகிள் போன்ற தேடுபொறிகள், தேடுவோன் எழுதிய சொல்லையும் இணையத்தளங்களில் உள்ள சொற்களையும் ஒப்பிட்டு, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. பொருள் அறிந்து பொருத்தும் திறன் அவற்றிற்கு இப்பொழுது பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும், தளத்தில் எழுதப்படாத செய்தியை எந்தப் பொறியாலும் எடுத்துக் காட்ட இயலாது. ஆகையால், மக்கள் எச்சொற்களைக் கொண்டு தேடுகின்றனர் என அறிந்து, அச்சொற்களுக்கு விடை கூறும் வகையில் எழுதுதல் வேண்டும். அச்சொற்களையே திறவுச்சொற்கள் என்பர்.

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையைப் போல இவ்வுண்மையை விளக்கிக் காட்டும் இடம் இலங்கையிற் பிறிதொன்று இருப்பது அரிது. அக்கரையில் ஊர் ஒன்று, பெயர் பல. 1344ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா, புத்தளத்தைப் பத்தாலா எனக் குறித்தார். ஆங்கிலேயர் பழைய ஏடுகளில் அதனைப் புட்லாம் என எழுதினர். தமிழர் கற்பிட்டி என வழங்கும் ஊரைச் சிங்களவர் கல்பிட்டிய என்பர். போர்த்துக்கீசர் அந்நிலப்பகுதியைக் கார்தீவா என்றனர். 1659ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிக் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் கல்பெந்தைன் என்றனர். தெற்கே தமிழர் சிலாபம் என்னும் நகரோ சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் சிலோ. ஒருவன் ஹலாவத்த எனத் தேட, தளத்தில் சிலாபம் என்னும் சொல் மட்டுமே இருக்குமாயின், அவன் அத்தளத்தைக் காணாமலே போதல் கூடும்.

இத்தகைய பெயர்க்குழப்பத்தினிடையே, தேடுவோர்க்கு வழிகாட்டும் நூலொன்றைச் செய்தவர் அக்கரையிலேயே தோன்றினார் என்பது மகிழ்தற்குரியது. 1807ஆம் ஆண்டிற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்களே அவர். புத்தளத்தில் மணியகாரராகப் பணிபுரிந்த அவர், 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் ஆகியவற்றை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு விவர நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் அவரது நூல் 1859ஆம் ஆண்டில் வெளிவந்தது. விவர நூல் ஒன்றைத் தொகுப்பவன் முதலில் எண்ண வேண்டியது, படிப்பவன் எந்தப் பெயரைக் கொண்டு ஏட்டைப் புரட்டுவான் என்பதே. தனக்குத் தெரிந்த பெயரை மட்டும் இட்டு வைத்தால் நூல் பூட்டிய பெட்டியாகிவிடும். இணையத்தளம் அமைப்போர்க்கும் இன்று அதே கடமை உண்டு.

இஃது ஏட்டுப் புலமை பற்றிய செய்தி மட்டுமன்று; பிழைப்பைப் பற்றிய செய்தியுமாகும். கற்பிட்டிக் கரையில் மீன்பிடியோடு சுற்றுலாவும் இப்பொழுது ஒரு தொழிலாகியுள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் டொல்பின் கூட்டங்களைப் பார்க்கப் பயணிகள் வருகின்றனர். சோழகக் காற்று வீசும் மாதங்களில், பட்டத்தைப் பற்றிக்கொண்டு நீரின்மேற் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டவர் வருகின்றனர். இவர்களை நம்பிச் சிறு விடுதி நடத்துவோரும், வள்ளம் ஓட்டுவோரும், சமைத்துக் கொடுப்போரும் பலர். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், 2020இல் வந்த கொள்ளைநோயும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் இத்தொழிலை அடுத்தடுத்துத் தாக்கின. எஞ்சிய வருவாயிலும் ஒரு பங்கு, அறை பதிவுசெய்து கொடுக்கும் பெரிய தளங்களுக்குத் தரகாகப் போய்விடுகின்றது. சொந்தத் தளத்தின் வழியே பயணி நேராக வந்தால் அப்பங்கு வீட்டிலேயே தங்கும். ஆனால், திறவுச்சொற்களைத் திரட்டித் தரும் கருவிகளோ மாதந்தோறும் டொலரிற் கட்டணம் கேட்கின்றன. நான்கு அறைகள் உள்ள விடுதிக்காரர் அதற்கு எங்கே போவார்?

அவர் எங்கும் போக வேண்டியதில்லை. கட்டணம் இன்றியே வேண்டிய சொற்களிற் பெரும்பகுதியைக் கண்டறிய வழி உண்டு. பணத்திற்குப் பதிலாகப் பொறுமை வேண்டும், காது வேண்டும், ஒரு கொப்பியும் பென்சிலும் வேண்டும்.

காதைப் பற்றி முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பர்னாஸ் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே பொருளுக்குப் பெயரிடுமாறு இருவரைக் கேட்டால், அவ்விருவரும் ஒரே சொல்லைக் கூறும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என அவர்கள் கண்டனர். தளம் எழுதுவோர் தமக்குத் தோன்றிய சொல்லையே பிறரும் எழுதுவர் என நம்புவது எத்துணைப் பிழை என்பதை இவ்வாய்வு காட்டுகின்றது. ஆகவே, தம் மனத்தைக் கேட்பதை விட்டு வாடிக்கையாளரைக் கேட்பதே முதற்படி.

தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி வைத்தல் வேண்டும். “நானா, டொல்பின் எந்த மாதம் பார்க்கலாம்?” என்று ஒருவர் கேட்பார். “சிறு பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றலாமா?” என்பார் இன்னொருவர். கொழும்பிலிருந்து பஸ் உண்டா என்பதும், ஹலால் சாப்பாடு கிடைக்குமா என்பதும், தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்கு அறை உண்டா என்பதும் இடையிடையே வரும் கேள்விகள். இவற்றைத் திருத்தி அழகுபடுத்தலாகாது. ஏனெனில், வாயாற் கேட்கும் அதே சொற்களையே பலர் தேடற்பெட்டியிலும் எழுதுகின்றனர். ஒரு மாதம் இவ்வாறு குறித்து வந்தால், விலைகொடுத்து வாங்கும் பட்டியலிற் காணப்படாத சொற்றொடர்கள் பல அக்கொப்பியிற் சேர்ந்துவிடும். நாள்தோறும் தன்னிடம் தேடப்படுவனவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் முன்பு ஒருபோதும் தேடப்படாதவை எனக் கூகிள் நிறுவனமே கூறியுள்ளது. புதிதாகப் பிறக்கும் தொடர்கள் பழைய கணக்குகளைக் கொண்டு செய்த பட்டியலில் எங்ஙனம் இருக்கும்?

இரண்டாம் படி தேடற்பெட்டியையே ஆசிரியனாகக் கொள்வது. பெட்டியிற் சில எழுத்துக்களை இட்டவுடன், கீழே சில தொடர்கள் தாமே தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அவை பொறியின் கற்பனையல்ல. பெரும்பாலும் பிறர் உண்மையாகத் தேடியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. கற்பிட்டி எனத் தமிழிலும், பின்னர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி, அடுத்து ஓர் இடைவெளி விட்டு, ஒவ்வோர் எழுத்தாக இட்டுப் பார்த்தல் வேண்டும். ஓர் எழுத்துக்கு விடுதி வரும். ஓர் எழுத்துக்குக் கோட்டை வரும். ஓர் எழுத்துக்குக் காலநிலை வரும். ‘எப்படி’, ‘எப்போது’, ‘எவ்வளவு’ முதலிய வினாச்சொற்களையும் இவ்வாறே சேர்த்துப் பார்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இம்முன்மொழிவுகள் தேடுவோரின் இடத்தையும் முந்தைய தேடல்களையும் ஒட்டி மாறக்கூடியவை. ஆகையால், உலாவியின் தனிமறைவுச் சாளரத்தைத் திறந்து தேடுவது நலம். வெளியூரில் உள்ள உறவினர் ஒருவரையும் தேடிப் பார்க்கச் சொல்வது அதனினும் நலம்.

முடிவுகள் தோன்றிய பக்கத்தையும் முழுதாகப் படித்தல் வேண்டும். இடையில், மக்கள் கேட்கும் பிற கேள்விகள் என ஒரு பகுதி தோன்றுவதுண்டு. அடியில் தொடர்புடைய தேடல்கள் வருவதுண்டு. இவை இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் செல்வம். மேலும், முதலில் நிற்கும் பத்துத் தளங்கள் எத்தகையன என நோக்குதல் வேண்டும். அனைத்தும் பெரிய பயண நிறுவனங்களாயின், அச்சொல்லில் அவற்றோடு போட்டியிடுவது வள்ளத்தில் ஏறிக் கப்பலை முந்த முயல்வதாகும். விடை சரியாகக் கூறாத பழைய பக்கங்கள் நிற்குமாயின், அங்கே இடம் காலியாக உள்ளது என்று கொள்ளலாம்.

தேடுவோரின் நோக்கமும் ஒன்றன்று. அந்திரே புரோடர் என்னும் அறிஞர் 2002ஆம் ஆண்டில் இணையத் தேடல்களை மூவகையாகப் பகுத்தார். அறிந்த தளம் ஒன்றை அடையத் தேடுவது ஒரு வகை. செய்தி அறியத் தேடுவது ஒரு வகை. வாங்குதல், பதிவு செய்தல் போன்ற காரியம் ஒன்றை முடிக்கத் தேடுவது ஒரு வகை. கற்பிட்டிக் கோட்டை எப்பொழுது கட்டப்பட்டது எனத் தேடும் மாணவன் அன்று அறை எடுக்கப் போவதில்லை. கற்பிட்டியில் இரு குடும்பத்திற்கு அறை எனத் தேடுபவரோ பையைக் கட்டிவிட்டவர். பின்னவர் தொகையிற் சிறியவர். ஆனால் பயனிற் பெரியவர். ‘இலங்கைச் சுற்றுலா’ என்னும் பொதுச்சொல்லைப் பற்றி நின்று ஏங்குவதைக் காட்டிலும், ‘ஜனவரியில் ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க வள்ளம்’ என்னும் நீண்ட தொடருக்கு நேர்மையான விடை எழுதுவது சிறியவர்க்கு ஏற்றது.

இங்கே தமிழ் எழுதுவோர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சொல் வேறுபடுகின்றது. இலங்கையில் அறக்குளா எனப்படும் மீன் தமிழகத்தில் வஞ்சிரம்; சிங்களத்தில் தோரா. இங்கே நெத்தலி, அங்கே நெத்திலி. இங்கே டொல்பின், அங்கே டால்பின், மீனவர் நாவிலோ ஓங்கில். கற்பிட்டியிற் காயவைத்த கருவாட்டைக் கனடாவிலோ லண்டனிலோ உள்ள தமிழர்க்கு விற்க விரும்பும் ஒருவர், அறக்குளாக் கருவாடு என மட்டும் எழுதினால் யாழ்ப்பாணத்தவர் வருவர், தமிழகத்தவர் வாரார். அவர்களுட் பலர் தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்திலேயே தட்டெழுதுவர் என்பதையும் மறத்தலாகாது. ஒரே பொருளின் பல பெயர்களையும் பக்கத்தின் தலைப்பிலும், விளக்கத்திலும், படத்தின் குறிப்பிலும் இயல்பாக அமைத்தால் எல்லோரும் வருவர். இப்பெயர்களைத் திரட்ட விக்கிப்பீடியா பெரிதும் உதவும். ஒரு கட்டுரைக்குப் பிற மொழிகளில் உள்ள தலைப்புக்களை அது பக்கத்திலேயே காட்டுகின்றது. கட்டுரையை எத்தனை முறை மக்கள் திறந்தனர் என்னும் கணக்கையும் இலவசமாகக் காணலாம்.

இரு சொற்களில் எதனைப் பெரும்பாலோர் ஆள்கின்றனர், எம்மாதத்தில் ஆள்கின்றனர் என அறிய, 2006ஆம் ஆண்டு முதல் வழங்கும் கூகிள் ட்ரெண்ட்ஸ் என்னும் வசதி துணைசெய்யும். நாட்டையும் காலத்தையும் தெரிந்து, இரு சொற்களையும் அருகருகே இட்டுப் பார்க்கலாம். ஆனால் அது காட்டும் எண் தேடியவரின் தொகை அன்று. மிகுதியாகத் தேடப்பட்ட காலத்தை 100 எனக் கொண்டு, ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுவதே அதன் முறை. சிலரே தேடும் சொற்களுக்கு அது ஒன்றும் காட்டாது. ஒன்றும் காட்டாமையால் தேடுவாரே இல்லை என முடிவு செய்தல் தவறு. சிற்றூர்ப் பெயர்களுக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் விலையுள்ள கருவிகளும் பல வேளைகளிற் சுழியையே காட்டுகின்றன. விளம்பரதாரர்க்கெனக் கூகிள் வைத்துள்ள திறவுச்சொற் கருவியைக் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். ஆயின், விளம்பரத்திற்குப் பணம் செலவிடாதார்க்கு அது பெரும்பாலும் பரந்த எல்லைகளையே காட்டும், துல்லியமான எண்ணைக் காட்டாது.

தளம் அமைந்து சில வாரங்கள் சென்றபின், எல்லாவற்றினும் மேலான கருவியொன்று கைக்கு வருகின்றது. அது சேர்ச் கொன்சோல் எனப்படுவது. தளம் தமதே என மெய்ப்பித்துக் காட்டிய உரிமையாளர் அனைவர்க்கும் கூகிள் அதனை இலவசமாக அளிக்கின்றது. எந்தெந்தச் சொற்களுக்குத் தளம் முடிவுகளில் தோன்றிற்று, எத்தனை முறை தோன்றிற்று, எத்தனை பேர் உள்ளே வந்தனர், சராசரியாக எத்தனையாம் இடத்தில் நின்றது என்பவற்றைப் பதினாறு மாதக் கணக்காக அது காட்டும். மிக அரிதான தேடல்களை மட்டும், தேடியோரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடும். பிற கருவிகள் மதிப்பீடு கூறுபவை. இது நடந்ததைக் கூறுவது.

இதனைப் படிக்கும் முறையும் எளிது. ஒரு தொடருக்குத் தளம் பலமுறை தோன்றியும் உள்ளே வந்தோர் ஓரிருவரேயாயின், தலைப்பு அவர்களை அழைக்கவில்லை என்பது பொருள். அதனைத் திருத்துதல் வேண்டும். பத்தாம் இடத்திற்குச் சற்றுக் கீழே நிற்கும் தொடர்கள் இருக்குமாயின், அப்பக்கங்களிற் குறையாக உள்ள செய்தியைச் சேர்த்தால் அவை மேலேற வாய்ப்புண்டு. எழுதுவோர் எண்ணியே பாராத தொடர் ஒன்றுக்கு மக்கள் வந்துகொண்டிருப்பாராயின், அதற்கெனத் தனிப்பக்கம் ஒன்று எழுதுதல் தகும். டொல்பினுக்காக அமைத்த தளத்திற்குத் தலவிலத் திருநாளைத் தேடி யாத்திரிகர் வருவதாகக் கணக்குக் காட்டினால், மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் விடுதி எவ்வாறு நிறையும் என்பது உரிமையாளர்க்குப் புலப்படும்.

இவ்வளவும் அறிந்தபின் ஒரு சோதனை வருகின்றது. கண்ட சொற்களையெல்லாம் பக்கத்திற் கொட்டி நிரப்பிவிட்டால் என்ன என்னும் ஆசையே அது. அதனாற் பயனில்லை. பக்கத்தின் பின்னே மறைவாகத் திறவுச்சொற்களை எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. தரவரிசைக்கு அவற்றைத் தான் கணக்கிற் கொள்வதில்லை எனக் கூகிள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும்படி ஒரே சொல்லை இருபது முறை அடுக்குவதும் குறும்பாகவே கொள்ளப்படும். அதனினும் கொடியது, இல்லாததை உண்டென எழுதுதல். கடல் கொந்தளிக்கும் ஜூலை மாதத்திலும் டொல்பின் நிச்சயம் எனத் தளத்தில் எழுதினால், அச்சொல்லை நம்பிப் பயணி ஒருமுறை வருவான். வந்தவன் ஏமாந்து எழுதும் குறிப்போ பல்லாண்டு நிற்கும். “இம்மாதங்களிற் கடல் முரடு, டொல்பின் பார்க்க வருதல் வேண்டா, நவம்பருக்குப் பின் வருக” என எழுதும் விடுதிக்காரர் ஒரு வாடகையை இழக்கலாம். ஆனால், அக்கேள்விக்கு உண்மையான விடை கூறிய தளம் அவருடையதாகும். நவம்பரிலே தொலைபேசி அவருக்கே ஒலிக்கும்.

மற்றொரு கேள்வியும் எழுதல் இயல்பு. பிறர் தேடும் சொல்லையே எழுதிக்கொண்டு போனால் ஊரின் சொந்தச் சொல் மறைந்துவிடாதா? ஓங்கில் என்னும் சொல் போய் டொல்பினே நிலைத்துவிடாதா? இவ்வச்சம் பொருளற்றதன்று. கார்தீவாவும் கல்பெந்தைனும் வழக்கொழிந்தன. அவற்றை இட்டவர்கள் போனபோது அவையும் போயின. கற்பிட்டி என்னும் பெயர் நின்றது, அங்கே வாழும் மக்கள் அதனை நாள்தோறும் வழங்கிவந்தமையால். ஆகவே, வருவோனுக்குத் தெரிந்த சொல்லை வாயிலில் வைத்து, வீட்டாரின் சொல்லை உள்ளே வைத்தல் வேண்டும். டொல்பின் எனத் தேடி வந்தவர், இக்கரையார் இதனை ஓங்கில் என்பர் என ஒரு வரி படித்துச் செல்வாராயின், அச்சொல் மேலும் ஒருவரிடம் வாழத் தொடங்குகின்றது. எழுதாது விட்டாலோ, தேடுபொறிக்கு அப்படி ஒரு சொல் உண்டென்பதே தெரியாமற் போகும்.

பணமுள்ளவன் விளம்பரத்தை வாங்கலாம், பட்டியலை வாங்கலாம். உடப்பிலே கரைவலை இழுப்பவரிடமும், கற்பிட்டியிலே வள்ளம் ஓட்டுபவரிடமும் வந்து மக்கள் நேரிற் கேட்கும் கேள்விகளை எவரும் அவர்களிடமிருந்து பறித்தல் இயலாது. அக்கேள்விகளைச் செவிமடுத்து, கேட்டவாறே குறித்து, அறிந்தவாறே விடை எழுதுவோர்க்குத் திறவுச்சொல்லைத் தேடி அலையும் வேலை பாதி குறைந்துவிடும். எஞ்சிய பாதியைப் பொறுமையோடு பார்க்கும் கணக்கு முடித்து வைக்கும்.